லைட் எரிகிறது என்பதால் வயரிங் சரி என்று ஆகிவிடாது

சிவகங்கைப் பக்கம் சொந்த ஊரில் 1,200 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊரில் தெரிந்த தம்பி ஒருவர் வயரிங் வேலையை எடுத்துச் செய்கிறேன் என்கிறார். இதுவரை பத்து வீட்டுக்குச் செய்திருக்கிறார், எல்லா வீட்டிலும் லைட் எரிகிறது. லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் அவரைவிட முப்பதாயிரம் கூடக் கேட்கிறார். ஈபி ஆபீசுக்குத் தேவையான கையெழுத்தை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். லைசென்ஸ் வெறும் காகிதம்தானே, அதற்கு இவ்வளவு பணம் கொடுக்கத்தான் வேண்டுமா?"

மதுரையில் முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சுவர் வெட்டிக் குழாய் பதிக்கும் ஹெல்ப்பராகப் போய், வயர்மேன் ஆகி, இப்போது மேற்பார்வையாளர் சான்றிதழ் வைத்திருக்கிறேன். நாங்கள் அதை 'சி' லைசென்ஸ் என்போம். உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், ஆமாம், கொடுங்கள். ஏன் என்பதை விளக்கக் கொஞ்சம் நேரமாகும்.

உங்கள் கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. "எல்லா வீட்டிலும் லைட் எரிகிறது" என்கிறீர்கள். ஒரு பல்பு எரிய இரண்டு வயர் போதும், மின்சாரம் வரும் பேஸ் ஒன்று, அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒன்று. இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் எரியும். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் வயர் இல்லாவிட்டாலும் எரியும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட வேண்டிய இடத்தில் 1 சதுர மில்லிமீட்டர் போட்டாலும் எரியும். சுவருக்குள் இன்சுலேஷன் உரிந்து செப்புக்கம்பி ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும், பல நாள் எரிந்துகொண்டுதான் இருக்கும். தண்ணீர்க் குழாயில் தப்பு இருந்தால் ஒழுகும், கூரையில் தப்பு இருந்தால் மழைக்குத் தெரியும். வயரிங்கில் இருக்கும் தப்பு ஓர் ஆள் தொடும்வரை காத்திருக்கும். அதனால்தான் இந்த வேலையைக் கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

நான் நேரில் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், மேலூர் பக்கம். அந்த வீட்டு அம்மா, "கிரைண்டரைத் தொட்டா சில நாள் சுள்ளுங்குது தம்பி, சில நாள் ஒண்ணும் இல்ல" என்றார். கிரைண்டர் பக்கத்தில் ஒரு பலகை கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றுதான் மாவாட்டுவார்களாம். இரண்டு வருடமாக அப்படித்தான். முதலில் வயரிங் செய்தவரையே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அவர் டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பேஸிலும் மறுமுனையை எர்த் ஓட்டையிலும் வைத்திருக்கிறார், பளிச்சென்று எரிந்திருக்கிறது. "எர்த் நன்றாக இருக்கிறது, கிரைண்டர்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் மெயினை அணைத்துவிட்டு அந்த பிளக் பாயிண்டைக் கழற்றினேன். சாக்கெட்டின் பின்னால், மேலே இருக்கும் பெரிய எர்த் ஓட்டையிலிருந்து இடதுபக்க நியூட்ரலுக்கு ஒன்றரை அங்குலத்தில் ஒரு துண்டுக் கருப்பு வயர். அவ்வளவுதான் எர்த். அந்த வீட்டில் எர்த் குழியே கிடையாது. எல்லா மூன்று பின் சாக்கெட்டிலும் இதே துண்டு வயர். டெஸ்ட் லாம்பு ஏன் எரிந்தது என்று இப்போது புரிந்திருக்கும். அவர் தொட்டது எர்த்தை அல்ல, நியூட்ரலை.

இதில் என்ன ஆபத்து? நியூட்ரல் வயர் டிரான்ஸ்பார்மர்வரை ஒழுங்காகப் போய்ச் சேரும்வரை ஒன்றும் தெரியாது. அது எங்காவது விட்டுப்போனால், கம்பத்தில் ஜாயிண்ட் தளர்ந்தாலோ மெயின் போர்டில் ஒரு திருகு கழன்றாலோ, ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் வழியாகவோ எரியும் பல்பு வழியாகவோ பேஸ் நியூட்ரல் பக்கம் வந்து நிற்கும். அங்கிருந்து அந்தத் துண்டு வயர் வழியாகக் கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின், இஸ்திரிப்பெட்டி என்று உலோக உடம்புள்ள எல்லாவற்றிலும் 230 வோல்ட் ஏறும். அந்த வீட்டில் சர்வீஸ் வயரின் நியூட்ரல் முனை மீட்டர் பெட்டிக்கு வரும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்துத் தளர்ந்திருந்தது. காற்றடித்தால் விடும், பிறகு சேரும். "சில நாள் சுள்ளுங்குது" என்று அந்த அம்மா சொன்னதன் கணக்கு அதுதான். அந்தப் பலகை மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அந்த வேலையைச் செய்தவர் கெட்டவர் இல்லை. யாரிடமோ பார்த்துக் கற்றுக்கொண்டார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார். லைட் எரிந்தது, எல்லோரும் திருப்தி. அவரிடம் எர்த் டெஸ்டர் இல்லை, இருந்திருந்தாலும் எதை அளக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அடுத்து எம்சிபி, அதாவது வயரில் மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் தானாக விழுந்து அணைக்கும் சுவிட்ச். "எல்லாத்துக்கும் ட்ரிப்பர் போட்டிருக்கோம், ஷாக் அடிச்சா தானா விழுந்துடும்" என்று நன்றாகப் படித்தவர்களும் என்னிடம் சொல்கிறார்கள். விழாது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. எம்சிபி வயரைக் காப்பாற்ற வந்த சாதனம், ஆளைக் காப்பாற்ற வந்தது இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஈரக் கையும் வெறுங்காலுமாக இருக்கும் ஒருவர் உடம்பின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட்டைத் தொட்டால் 230 மில்லியாம்ப் ஓடும். 1 மில்லியாம்ப் ஓடினாலே லேசாக உணரலாம். 10 மில்லியாம்பைத் தாண்டினால் கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். "கரண்ட் இழுத்துப் பிடிச்சிக்கிச்சு" என்று ஊரில் சொல்வது இதைத்தான். கரண்ட் இழுப்பதில்லை, நம் தசையே விட மறுக்கிறது. 30-ஐத் தாண்டி நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. இப்போது உங்கள் பிளக் பாயிண்டுக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் எம்சிபியை நினைத்துப் பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லியாம்ப். உயிர் போகும் அளவு மின்சாரம் அதற்கு ஒரு சின்ன பல்பு எரிவது போலத்தான். அது அசையக்கூடச் செய்யாது.

சரி, எர்த் ஒழுங்காக இருந்தால்? இங்கேதான் பல வயர்மேன்களே தடுமாறுகிறார்கள். உங்கள் வீட்டில் நல்ல எர்த் குழி இருக்கிறது, தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம், அது மோசமான அளவு இல்லை. டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த் 1 ஓம். வாட்டர் ஹீட்டரின் உள்ளே பேஸ் வயர் உடம்பைத் தொட்டுவிட்டது. 230-ஐ 6-ஆல் வகுத்தால் சுமார் 38 ஆம்பியர் மண் வழியாக ஓடும். வீடுகளில் பெரும்பாலும் போடுவது 'சி' வகை எம்சிபி. 16 ஆம்பியர் 'சி' வகை உடனே விழ வேண்டுமானால் அதன் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் ஓட வேண்டும். 38 ஆம்பியரில் அது சூடேறித்தான் விழும், அதற்குப் பல நொடிகள் ஆகலாம். அதுவரை அந்த ஹீட்டரின் உடம்பில் 38 பெருக்கல் 5, சுமார் 190 வோல்ட் நிற்கும். குழாயைத் திறக்கப் போகும் கைக்கு அந்தச் சில நொடிகள் மிக அதிகம்.

அதனால்தான் ஆர்சிசிபி என்ற இன்னொரு சாதனம் வேண்டும். பேஸ் வழியாக வீட்டுக்குள் போன மின்சாரம் நியூட்ரல் வழியாக அப்படியே திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு வளையத்துக்குள் இரண்டு வயரும் போகின்றன. போவதும் வருவதும் சமம் என்றால் வளையத்தில் காந்தப்புலம் இருக்காது. உங்கள் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கொஞ்சம் மண்ணுக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும், அது விழுந்துவிடும். வீட்டுக்குப் போட வேண்டியது 30 மில்லியாம்ப் வகை. நேராகத் தொட்டுவிட்ட ஒருவர் உடம்பில் ஓடும் அளவுக்கு அது கண்சிமிட்டும் நேரத்தில் விழும். முன்பு சொன்ன ஹீட்டரில் 38 ஆம்பியர் எல்லாம் தேவையே இல்லை. கோடையில் மண் காய்ந்து எர்த் தடை 500 ஓமாக ஏறியிருந்தால்கூட 460 மில்லியாம்ப் ஓடும், ஆர்சிசிபிக்கு அது தாராளம். இதைப் போட ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். வாசல் கதவின் கைப்பிடிக்கு அதைவிடக் கூடக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மண்ணோடு தொடர்பே இல்லாமல் ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் தொட்டால் ஆர்சிசிபிக்குத் தெரியாது. அதற்கு நீங்களும் ஒரு பல்புதான். ஓவர்லோடையும் அது பார்க்காது, எனவே எம்சிபியும் வேண்டும். இரண்டு வேலையும் சேர்ந்த ஆர்சிபிஓ என்ற சாதனமும் கிடைக்கிறது.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் வீட்டு இணைப்புக்கு 30 மில்லியாம்ப் என்றே எழுதியிருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. ஆனாலும் நான் போகும் வீடுகளில் என்ன பார்க்கிறேன்? பெட்டிக்குள் ஆர்சிசிபி உட்கார்ந்திருக்கும், வயர் அதைச் சுற்றிக்கொண்டு போகும். கேட்டால், "அடிக்கடி ட்ரிப் ஆச்சு சார், அதான் டைரக்ட் பண்ணிட்டாங்க" என்பார்கள். பாதி வீடுகளில் காரணம் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலையும் ஈபி லைன் நியூட்ரலையும் எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் ஒன்றாக முறுக்கிவிட்டிருப்பார்கள். பேஸ் ஒரு வழியில் போய் நியூட்ரல் வேறு வழியில் திரும்பினால் ஆர்சிசிபிக்கு அது லீக்கேஜ் போலத்தான் தெரியும், விழத்தான் செய்யும். செய்ய வேண்டியது அந்த நியூட்ரல்களைப் பிரிப்பது. அதற்கு ஒருநாள் உட்கார்ந்து ஒவ்வொரு பாக்ஸாகத் திறக்க வேண்டும். பைபாஸ் செய்ய ஐந்து நிமிடம் போதும். தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான் வெளியே வருகிறது. கரண்ட் போன பிறகு இன்வெர்ட்டரில் ஓடும் லைனுக்கு மெயினில் இருக்கும் ஆர்சிசிபி காவல் நிற்காது என்பதையும் கவனியுங்கள். இன்வெர்ட்டரின் வெளியீட்டுக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

இனி லைசென்ஸுக்கு வருகிறேன். இது நேற்று வந்த சட்டம் அல்ல. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதியே இதைச் சொன்னது. பிறகு 2003 மின்சாரச் சட்டம் வந்தது. அதன்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்து 2023-இல் புதுப்பித்தது. சாரம் ஒன்றுதான்: புது வயரிங்கோ, இருப்பதில் கூட்டுவதோ மாற்றுவதோ, மாநில அரசின் லைசென்ஸ் பெற்ற ஒப்பந்ததாரர் எடுத்து, தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளரின் நேரடிப் பார்வையில், அனுமதி பெற்ற ஆள் கையால் நடக்க வேண்டும். பல்பு மாற்றுவது, பியூஸ் போடுவது, பழுதான சுவிட்சுக்குப் பதில் அதே மாதிரி சுவிட்ச் வைப்பது, ஃபேன் மாற்றுவது போன்றவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே எல்லாவற்றுக்கும் ஆளைக் கூப்பிடச் சொல்லிச் சட்டம் மிரட்டவில்லை. இணைப்பின் தன்மையை மாற்றும் வேலைக்குத்தான் கேட்கிறது. ஏசி வைக்க ஒரு புது லைன் இழுப்பது அப்படிப்பட்ட வேலை.

தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழ்களை வழங்குவது சென்னை கிண்டியில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். மின்கம்பியாள் உதவியாளர் சான்றிதழ் ஒன்று, நாங்கள் 'எச்' என்போம். வயர்மேனுக்கு 'பி', மேற்பார்வையாளருக்கு 'சி'. ஒப்பந்ததாரருக்கு 'ஈஏ', 'ஈபி' என்று தனித் தரங்கள். (இந்த 'ஈபி' வேறு, மின்வாரியத்தை நாம் சொல்லும் ஈபி வேறு, பலர் குழம்புகிறார்கள்.) ஒப்பந்ததாரர் லைசென்ஸுக்குத் தகுதியான ஆட்களையும், இன்சுலேஷன் அளக்கும் மெக்கர், எர்த் டெஸ்டர் போன்ற கருவிகளையும் வைத்திருப்பதாகக் காட்ட வேண்டும். உங்கள் முப்பதாயிரத்தில் ஒரு பகுதி இந்தக் கருவிகளுக்கும் அவற்றைப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கும் போகிறது.

இப்போது உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி, அந்தக் கையெழுத்து விவகாரம். இது எங்கள் தொழிலின் பெரிய புண். சான்றிதழை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வாசலைக்கூடப் பார்க்காமல் டெஸ்ட் ரிப்போர்ட்டில் இன்சுலேஷன் இவ்வளவு மெகா ஓம், எர்த் இவ்வளவு ஓம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். என்னிடமும் பல முறை கேட்டிருக்கிறார்கள், ஒரு முறை நெருங்கிய உறவுக்காரரே கேட்டார். மறுத்ததில் சில வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று. அளக்காத எண்ணை அளந்ததாக எழுதிய தாள் உங்கள் வீட்டு ஃபைலில் இருக்கும், குளியலறைச் சுவரில் ஈரம் ஏறும்போது அது எதற்கும் உதவாது. விபத்து நடந்தால் மின் ஆய்வுத் துறை வந்து விசாரிக்கும். அப்போது கையெழுத்துப் போட்டவருக்கும் பதில் இருக்காது, உங்களுக்கும் இருக்காது. லைசென்ஸை வெறும் காகிதம் என்று நீங்கள் நினைப்பதற்கு எங்கள் ஆட்களே காரணம் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து லைசென்ஸை விடுவது அல்ல, லைசென்ஸ் வைத்திருக்கும் ஆளை வீட்டுக்கு வரவழைப்பது.

எப்படி வரவழைப்பது? ரேட் பேசும்போதே சொல்லிவிடுங்கள், மேற்பார்வையாளர் மூன்று முறை நேரில் வர வேண்டும் என்று. முதலாவது, சென்ட்ரிங் கம்பி கட்டி கான்கிரீட் போடும் முன்பு, குழாய் போட்ட வழியைப் பார்க்க. இரண்டாவது, வயர் இழுத்து முடித்து, சுவிட்ச் மாட்டும் முன்பு. இதுதான் முக்கியமான நாள். மெக்கரில் 500 வோல்ட் கொடுத்து ஒவ்வொரு சர்க்யூட்டையும் பார்க்க வேண்டும், 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. புது வீட்டில் அதைவிடப் பல மடங்கு வரும், வரவில்லையென்றால் எங்கோ குழாயின் வளைவில் வயர் உரிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதே இழுத்து மாற்றிவிடலாம். பெயிண்ட் அடித்த பிறகு கண்டுபிடித்தால் சுவரை உடைக்க வேண்டும். மூன்றாவது முறை எல்லாம் மாட்டிய பிறகு. ஒவ்வொரு சாக்கெட்டிலும், நமக்கு எதிரே பார்த்தால் வலது ஓட்டையில் பேஸ், இடதில் நியூட்ரல், மேலே எர்த் என்று வருகிறதா, சுவிட்ச் பேஸில் இருக்கிறதா, ஆர்சிசிபி விழுகிறதா, எர்த் எத்தனை ஓம் என்று. அன்றைக்கு நீங்களும் கூட நில்லுங்கள். எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான வேலைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷமாகக் காட்டுவார்.

சுவிட்ச் பேஸில் இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். சுவிட்சை நியூட்ரலில் போட்டாலும் லைட் அணையும், எரியும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் பேஸ் நின்றுகொண்டிருக்கும். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு நம்பிக்கையாக ஸ்டூலில் ஏறி பல்பைக் கழற்றும் தாத்தாவுக்குத்தான் அது தெரியவரும்.

எர்த் குழி பற்றியும் கொஞ்சம். எர்த்திங்குக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 3043, வயரிங்குக்கு ஐஎஸ் 732. பழைய முறையில் 2.5 மீட்டர் நீளத்துக்கு ஜிஐ குழாயைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் ஊற்றப் புனல் வைப்போம். இப்போது செம்பு பூசிய கம்பியும் அதற்கான பவுடரும் ரெடியாகக் கிடைக்கின்றன. எதைப் போட்டாலும் மண்ணைப் பொறுத்துத்தான் முடிவு வரும். சிவகங்கைப் பக்கம் செம்மண்ணும் சரளையுமாக இருக்கும் இடங்களில் ஒரு குழியில் நினைத்த அளவு வராது, இரண்டு குழி போட்டு இணைக்க வேண்டியிருக்கும். எர்த் டெஸ்டர் இல்லாதவருக்கு இது தெரியவே தெரியாது. மோட்டார் மூன்று பேஸ் என்றால் அதன் உடம்புக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் இணைப்பு வேண்டும், இது சட்டம் கேட்பது.

வயர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற எண்ணும் வயர்மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். லைட்டுக்கு 1.5, பிளக் பாயிண்டுக்கு 2.5, ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் என்பது பொதுவாக நாங்கள் போடும் கணக்கு. தூரமும் லோடும் கூடினால் மாறும். பச்சை வயரை எர்த்துக்குத் தவிர வேறு எதற்கும் இழுக்க விடாதீர்கள், "வயர் தீர்ந்துபோச்சு, இதிலேயே பேஸ் கொடுத்துட்டேன்" என்ற பேச்சே வரக் கூடாது. இன்னொன்று, 16 ஆம்பியர் எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று யாராவது அதைக் கழற்றி 32 போட்டால் தடுத்து நிறுத்துங்கள். எம்சிபி விழுந்து எச்சரித்தது. பெரிதாக மாற்றிவிட்டால் அடுத்து சுவருக்குள் வயர்தான் பியூஸாக எரியும்.

வீட்டுக்கு வெளியேயும் பாருங்கள். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கேள்விப்படும் சாவுகளில் துணிக்கொடி அடிக்கடி வருகிறது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைத் தாங்க ஒரு இரும்புக் கம்பியும் குழாயும் இருக்கும். அதே குழாயில் துணி காயப்போட ஒரு கம்பியைக் கட்டியிருப்பார்கள். வெயிலில் சர்வீஸ் வயரின் உறை வெடித்து அந்த இரும்பைத் தொட்டால் கொடிக்கும் கரண்ட் வரும். ஈரத் துணி, ஈரத் தரை, கையில் ஈரம். அது மீட்டருக்கு முந்தைய வயர் என்பதால் உங்கள் வீட்டு ஆர்சிசிபியால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. கொடிக்கு நைலான் கயிறு போடுங்கள், வேறு இடத்தில் கட்டுங்கள். சர்வீஸ் வயர் பழுதாகத் தெரிந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இந்த நாட்டில் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. அதில் எத்தனை பேர் இப்படி ஒரு முழக் கம்பியால் போனவர்களோ என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

குடிபோன பிறகு உங்கள் பங்கு கொஞ்சம்தான். ஆர்சிசிபியில் 'டி' என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கும், மாதம் ஒரு முறை அமுக்குங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். வீட்டில் எல்லோருக்கும் மெயின் எங்கே இருக்கிறது என்று காட்டிவையுங்கள், பிள்ளைகளுக்கும்தான். யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய் ஆளைப் பிடிக்கக் கூடாது, முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் வயரைத் தள்ள வேண்டும். மூச்சு இல்லையென்றால் 108-ஐக் கூப்பிட்டுக்கொண்டே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும்.

கடைசியாக அந்தத் தம்பி. அவரை விலக்கச் சொல்லவில்லை. கைத்திறமை இருக்கிறது, ஊர்க்காரர், உங்களுக்கு நம்பிக்கையும் இருக்கிறது. கான்ட்ராக்டரிடம் பேசி, அவருடைய மேற்பார்வையில் இந்தத் தம்பியையே வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கூலியிலும் கொஞ்சம் குறையும். வயரிங் வேலையில் ஐந்து வருட அனுபவமும் 21 வயதும் இருந்தால் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம், அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடக்கிறது, அறிவிப்பு பத்திரிகையில் வரும். பத்து வீடு செய்தவருக்கு அது கஷ்டமான தேர்வு இல்லை. மெக்கர் போடும் நாளில் அவரையும் பக்கத்தில் நிறுத்தி, அந்தக் கைப்பிடியை அவரே சுற்றிப் பார்க்கட்டும். பிறகு, இதுவரை செய்த பத்து வீட்டுக்கும் அந்த மெக்கரை ஒரு நாள் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் தர மறுத்தால் மதுரைக்கு அனுப்புங்கள், என்னுடையதைத் தருகிறேன்.